சாதாரண வருஷம்

செக்காலை ரோட்டில்
எவர்சில்வர் கடைக்கு மேல்மாடி.
கண்ணில் படாத இடத்தில் எழுதுவது
அங்கே எனக்கு வேலை.

பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து ஏற்றியபின்
ஒவ்வோர் அடிக்குறிப்பின் தலைமாட்டிலும்
திறந்த கையோடு மூடிவிடுகிற ஒரு குறி வைப்பேன்.
நடுவே ஒன்றும் இருக்காது,
ஒற்றெழுத்தின் புள்ளி கூட.
சரக்கெல்லாம் திறக்கிற குறியின் மடியில்:
ஆசிரியர், தலைப்பு, ஊர், ஆண்டு, பக்கம்,
இடைவெளி விழுந்த இடமெல்லாம் கூட்டல் குறி.
வாசிக்கிறவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும்.
ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற எந்திரம்
அதை மட்டும் வாசித்துவிட்டுப் போகும்.

வயி. பெரி. வயிரவன் என்றொருவர்.
குடும்பப் பெயர் என்ன என்று படிவம் கேட்டது.
சிவப்பு நட்சத்திரம் போட்டுக் கேட்டது.
இது விலாசம் ஐயா,
பாட்டன் வயிரவன், தகப்பன் பெரியணன்,
ரங்கூன் கடைப் பலகையிலும்
உண்டியல் தாளிலும் இதே எழுத்துதான்
என்று ஒரு கட்டத்துக்கு எப்படிச் சொல்ல?
எனக்கு முன்னால் இருந்தவர்
குடும்பப் பெயர்: வயி
என்று அடித்துவிட்டு
கோயம்புத்தூருக்கு வேலை மாறிப் போயிருந்தார்.

அவர் பெயரில் இரண்டு புத்தகம்.
ஒன்று வட்டிச் சிட்டை, ரங்கூன்,
சாதாரண வருஷம் ஆவணி.
இன்னொன்று ஊருணி வரவுசெலவு, தேவகோட்டை,
சாதாரண வருஷம் ஐப்பசி.
எந்திரம் கூட்டிப் பார்த்தது:
ஒரே ஆள், ஒரே ஆண்டு,
இரண்டே மாதத்தில் கப்பலேறி வந்து
அடுத்த புத்தகம் போட்டிருக்கிறார், சுறுசுறுப்பானவர்.
அதை நம்பி எழுதப்பட்ட கட்டுரைகள் ஏழு.
ஒன்றில் அவருடைய கடற்பயணத்துக்குத்
தனியாக ஒரு பத்தி.

ஊருணிப் புத்தகத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஒன்பதாம் பக்கம்:
மின்சார மோட்டார் பழுது பார்த்த வகையில்
ரூபாய் நாற்பத்திரண்டு, பைசா ஐம்பது.
வட்டிச் சிட்டையிலோ
அணாவும் பையும் தவிரப் பேச்சில்லை.

விரலை மடக்கினேன்.
அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும் சாதாரண.
பாட்டன் பேர் பேரனுக்கு,
தகப்பன் பேர் மகனுக்கு.
வயிரவன் மகன் பெரியணன்,
பெரியணன் மகன் வயிரவன்,
அந்த வயிரவன் மகன் பெரியணன்,
அந்தப் பெரியணன் மகன் வயிரவன்.
விலாசம் ஒரு சுற்றுச் சுற்றி
வந்த வாசலிலேயே நிற்கிறது.
ஒன்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து.
மற்றது எழுபது.

ஆளுக்கொரு எண் கொடுத்தேன்.
பதினேழு இலக்கம், பொட்டு இல்லை, கோத்திரம் இல்லை,
குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஒரு சிறு கோடு.

பிறகு அந்த அடிக்குறிப்பு,
ஊருணிப் புத்தகத்தின் இருபத்தோராம் பக்கத்தில்:
'வட்டிச் சிட்டை, பக். 14 பார்க்க.'
அவ்வளவுதான். யார் எழுதியது என்று இல்லை.
தன் பெயரையே எப்படி எழுதுவது என்று
கூசியிருக்கலாம்.
அச்சுக் கோத்தவர் இடம் போதாமல்
விட்டிருக்கலாம்.
இதுவரை எந்திரம் அதைத்
தற்கோள் என்று தள்ளி வைத்திருந்தது,
ஒருவர் தம்மையே மேற்கோள் காட்டினால்
கணக்கில் சேராது.

திறந்தேன், மடியில் முதல் எண்ணை வைத்தேன், மூடினேன்.
புதன்கிழமை காலை
வட்டிச் சிட்டைக்கு நேரே
பூச்சியம் இருந்த இடத்தில் ஒன்று.

ஏழு கட்டுரைக்காரர்களுக்கும் எழுதினேன்.
இரண்டு பேர் நன்றி சொன்னார்கள்.
கடற்பயணக்காரர் இன்னும் பதில் போடவில்லை.

சாயங்காலம் மேலாளர் பக்கத்தைத் திறந்து
மேலும் கீழும் உருட்டினார்.
"மூணு நாளா இதையா செஞ்சீங்க?
ஒண்ணும் மாறலையே."
"மாறலை சார்" என்றேன்.

அவர் கீழே இறங்கியதும்
குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில்,
எந்தத் திரையிலும் வராத கட்டம் அது,
ஒரு வரி அடித்தேன்:
இரண்டாயிரத்து முப்பதிலும்
ஒரு சாதாரண வருஷம் வருகிறது,
பேரனுக்குப் பேரன் இருந்தால்
பார்த்துப் பதியவும்.